பதினோராவது தடை

குதிரையேற்றம் சொல்லித்தருகிற பள்ளிக்கூடமாகப் பார்த்து மகளைச் சேர்க்கப் போகிறேன் என்று ஒரு தலித் சொன்னால் இரண்டு பக்கமும் சிரிக்கிறார்கள். வங்கியில் பக்கத்துக் கவுண்டரில் இருப்பவர் சிரிக்கிறார்: "ஏன் சார், ரேசுக்கு அனுப்பப் போறீங்களா?" (கவுண்டர் என்று நான் சொல்வது பணம் வாங்கும் மேசையை. கொங்குநாட்டு வாசகர்கள் வேறு மாதிரி படித்துக்கொண்டாலும் பிழை இல்லை.) இயக்கத் தோழர் சிரிக்கிறார்: "வர்க்கம் மாறிட்டீங்க தோழர்." முதல் சிரிப்பு எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். இரண்டாவது சிரிப்பைத்தான் உட்காரவைத்து விசாரிக்க வேண்டும்.

மகளுக்குப் பத்து வயது. அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்பு. குதிரை ஆசை நான் ஊட்டியது அல்ல. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கு ஒருமுறை கூட்டிப் போனேன். மாட்டுச்சந்தையோடு குதிரைச்சந்தையும் கூடும் இடம் அது. கத்தியவார், மார்வார் குதிரைகள் வரிசையாக நிற்கும். ஒரு கைப்பிடி கொள்ளை நீட்டினாள். அது உதட்டால் தடவி வாங்கிக்கொண்டது. அதிலிருந்து வீட்டில் இதே பேச்சு. குழந்தையின் ஆசை என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் நம் குழந்தைகள் எதற்கு ஆசைப்படலாம், எதற்கு ஆசைப்படக் கூடாது என்று இந்த மண்ணில் பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். உருவகமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எழுதி, எண் போட்ட பட்டியல்.

இராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கும் தேவேந்திரகுல மக்களுக்கும் எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது, இப்படி. நம் ஜனம் கேட்கவில்லை. குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் பட்டியல் பதினொன்றாக நீண்டது. ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர், தன் சாதி நூலில் இதை வரிசையாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார். நாலாவது தடை: பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. ஐந்தாவது: அவர்கள் மிராசுதார் மாடு மேய்க்க வேண்டும். பதினோராவது: கல்யாணத்தில் தாலி கட்டுமுன் குதிரைமேல் ஊர்வலம் போகிற வழக்கத்தை நிறுத்த வேண்டும், வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும், எந்த வாகனமும் ஆகாது.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, 'வழக்கம்' என்கிற சொல். இல்லாத வழக்கத்தை யாரும் தடுப்பதில்லை. நம் ஆட்கள் போயிருக்கிறார்கள். குதிரைமேல், பகலில், ஊர் பார்க்க. இரண்டு, எழுத்தும் குதிரையும் ஒரே தாளில் தடுக்கப்பட்டன. நாலாவது தடையை உடைக்க நாம் நூறு வருஷமாகப் போராடுகிறோம். பள்ளிக்கூடம், விடுதி, உதவித்தொகை, இடஒதுக்கீடு எல்லாம் அந்த நாலாவதின்மேல் விழுந்த அடிகள். பதினோராவதைப் பற்றி மட்டும் பேச்செடுத்தால் 'ஆடம்பரம்' என்கிறார் தோழர். தடை போட்டவனுக்கு அது ஆடம்பரமாகத் தெரியவில்லையே! உயரம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. குதிரைமேல் உட்கார்ந்தவனின் முகத்தைக் கீழே நிற்பவன் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

தொண்ணூறு வருஷத்துக்கு முந்தின கதை என்பீர்கள். குஜராத் பாவ்நகர் மாவட்டம் திம்பி கிராமத்தில் 21 வயது தலித் இளைஞன் ஒருவனை 2018 மார்ச்சில் வெட்டிக் கொன்றார்கள். சொந்தமாகக் குதிரை வைத்திருந்தான், அதில் ஏறிப் போனான் என்பதுதான் காரணம் என்று தகப்பன் சொன்னார். அதே வருஷம் உத்தரப்பிரதேசம் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு தலித் மாப்பிள்ளை தன் கல்யாண ஊர்வலம் போகும் பாதைக்காக மாதக்கணக்கில் அலைந்து, உயர்நீதிமன்றம்வரை போய், கடைசியில் போலீஸ் காவலோடு குதிரை வண்டியில் போனார். வடநாட்டுக் கதை என்று நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். நம் பக்கத்தில் குதிரை அருகிப் போனதால் அந்தத் தடை சைக்கிளுக்கும் புல்லட்டுக்கும் இடம் மாறியது, அவ்வளவுதான். ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன அப்பன்மார்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

குதிரை நமக்கு அந்நியம் என்கிற பொதுப்புத்தியையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்கே குதிரை கடல்வழி வந்த சரக்குதான். பட்டினப்பாலை காலத்திலேயே வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்கோ போலோ, இங்கே ராஜாக்கள் ஏராளமான பணம் கொட்டிக் குதிரை வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப்போகின்றன, லாடம் கட்டக்கூட ஆள் இல்லை என்று எழுதினார். வாங்கத் தெரிந்தது, ஏறத் தெரிந்தது, வளர்க்கத் தெரியவில்லை. பிற்பாடு வெள்ளைக்காரன் லாயத்தில் குதிரை தேய்த்தது யார்? புல் அறுத்துக் கொண்டுபோய்ப் போட்டது யார்? குதிரைக்காரன், புல்லுக்காரி என்று சம்பளக் கணக்கில் இருந்த ஆட்களில் பலர் சேரியிலிருந்து போனவர்கள். சேணத்தின் அடியில் நம் கை எப்போதும் இருந்தது. சேணத்தின் மேலேதான் நாம் இல்லை.

எங்கள் பாட்டன் தோல் வேலைக்காரர். கவலை ஏற்றத்துக்குத் தோல் தும்பி தைத்தவர். மாட்டுக்கு வார், கவுண்டர்களுக்குச் செருப்பு. மாதாரி என்றுதான் கூப்பிட்டார்கள், பெயர் சொல்லி அல்ல. கொங்குநாட்டில் தீரன் சின்னமலைக்குப் படம் எழுதுகிறவர்கள் குதிரைமேல் வைத்துத்தான் எழுதுகிறார்கள். அவரோடு நின்ற அருந்ததியர் வீரன் பொல்லானை ஜனங்கள் எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள்? வெள்ளையன் முகாமிலிருந்து செருப்புக்குள் ஓலை வைத்துச் சேதி அனுப்பியவன் என்று. சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். எங்கள் ஊரிலிருந்து அந்தக் கோட்டை தெரியும். ஒரே சண்டையில் ஒருவருக்குக் குதிரை, ஒருவருக்குச் செருப்பு. செருப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. சேதி அதில்தான் போனது! ஆனால் நினைவில்கூட நம்மை ஏற விடவில்லை பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மதுரைவீரன். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், வெள்ளைக்குதிரைக்காரன். அவனையும் சும்மா விடவில்லை. பிறப்பால் காசி ராஜா மகன் என்று ஒரு பூச்சுப் பூசினார்கள். குதிரை ஏறினவன் எப்படிச் சக்கிலியனாக இருக்க முடியும்? 1956இல் சினிமாவும் வந்து எம்.ஜி.ஆர். ஏறி உட்கார்ந்த பிறகு கேட்கவே வேண்டாம். மாறுகால் மாறுகை வாங்கியதை மட்டும் நமக்கு விட்டுவிட்டார்கள்.

அம்பேத்கர் எழுதி வைத்த ஒரு சம்பவத்தைத் தோழருக்கு நினைவுபடுத்தினேன். 1929. சாளிஸ்காவ் ரயில் நிலையம். அவர் அப்போது பாரிஸ்டர், பம்பாய் அரசு போட்ட கமிட்டியின் உறுப்பினர். மகர் குடியிருப்புக்கு அழைத்துப்போக வந்தவர்கள் டாங்கா பிடிக்க ஒரு மணிநேரம் அலைகிறார்கள். எந்த வண்டிக்காரனும் ஒரு தீண்டத்தகாதவனை உட்காரவைத்து ஓட்ட மாட்டேன் என்கிறான். கடைசியில் சமரசம்: வண்டியும் குதிரையும் வாடகைக்கு, ஓட்டுகிறவன் வரமாட்டான். நம் ஆளே ஒருவர் கடிவாளத்தைப் பிடிக்கிறார், பழக்கம் இல்லாமல். பாலத்தின் மேல் சக்கரம் சிக்கி வண்டி சாய்கிறது. குதிரையும் வண்டியும் ஆற்றில். அம்பேத்கர் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிகிறது. நாம் இதைச் சாதிக்கொடுமைக்கு உதாரணமாகச் சொல்லிச் சொல்லி ஒரு சின்ன விஷயத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். அந்த மகர் தோழருக்குக் குதிரை ஓட்டத் தெரிந்திருந்தால் கால் தப்பியிருக்கும். கடிவாளத்தை நமக்குத் தராமல் வைத்திருந்தது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. எலும்பு முறிகிற பிரச்சினை.

சரி. அதற்காகத் தட்டியில் குதிரை படம் போட்ட எந்தப் பள்ளிக்கும் பணத்தைக் கட்டிவிடலாமா? இங்கேதான் என் பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது.

எங்கள் சமவெளியைத் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சேலத்தில் பஸ் ஏறி இராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று ஒரு சுற்று வந்தால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை மூன்று. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. கோழிப்பண்ணை. விடுதியோடு கூடிய தனியார் பள்ளிக்கூடம். இந்தப் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று பத்திரிகைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். உவமை சரியில்லை. பிராய்லர் கறிக்கோழி, அது பல்லடம் பக்கம். நாமக்கல் கோழி முட்டைக்கோழி, லேயர். கறிக்கோழி தரையிலாவது நடக்கும். முட்டைக்கோழி கம்பிக்கூண்டில் நின்றபடி தீனி தின்று, நின்றபடி முட்டை போட்டு, ஒன்றரை வருஷம் போல ஆகி முட்டை குறைந்ததும் கழித்துக்கட்டப்படும். பிளஸ் ஒன்னில் உள்ளே போய் பிளஸ் டூவில் வெளியே வருகிற பிள்ளைக்கு எது பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பதினோராம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை உருப்போட வைத்த பள்ளிகளால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26இல் அதை எடுத்துவிட்டார்கள். மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவது 2017இல் நின்றது. அதே வருஷம் நீட் வந்தது. என் கணிப்பு இது: முதல் ரேங்க் வாங்கிய பிள்ளையின் படம் நின்ற தட்டியில் காலியிடம் விழுந்தது, அந்த இடத்தில் குதிரை வந்து நின்றது. ஸ்கேட்டிங், வில்வித்தை, நீச்சல்குளம், நடுவில் தொப்பி போட்ட பிள்ளையோடு ஒரு குதிரை. மேலே ஊட்டி லவ்டேலில் 1858இல் வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கென்று லாரன்ஸ் பள்ளி ஆரம்பித்தார்கள். ஏற்காட்டில் 1917இல் மான்ட்ஃபோர்ட். மலைமேல் துரைமார் பிள்ளைக்கு இருந்த வாழ்க்கையைக் கீழே சமவெளியில் ரியல் எஸ்டேட்காரரும் லாரி அதிபரும் தம் பிள்ளைக்கு வாங்கப் பார்க்கிறார்கள். வாங்கட்டும். நான் கேட்பது அந்தக் குதிரை நிஜக்குதிரையா, தட்டிக்குதிரையா என்பதுதான்.

போன மார்ச்சில் ஒரு பள்ளிக்குப் போனேன். பெயர் வேண்டாம். வரவேற்பறையில் குளிர்சாதனம், கையில் வழவழப்பான விளம்பரப் புத்தகம். விண்ணப்பத்தில் சாதி கேட்கும் கட்டத்தை நிரப்பியதும் அந்த அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஸ்காலர்ஷிப் ஏதாச்சும் வருதுங்களா சார்?" வராது, சம்பளத்தில் கட்டுவேன் என்றேன். லாயத்தைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, "பேரண்ட்ஸ் யாரும் கேக்க மாட்டாங்களே" என்றார். கேட்டுப் போனேன்.

மூன்று குதிரை. லாயக்காரர் ஐம்பது வயதுக்காரர், பக்கத்துக் காலனி. பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிஷத்தில் ஊர் கேட்டு, ஆள் கேட்டு, நம்மாள் என்று தெரிந்துகொண்டார். நானும் தெரிந்துகொண்டேன். விளம்பரப் புத்தகத்தைக் காட்டினேன். படத்தில் வெள்ளைக்குதிரை, அதன்மேல் ஒரு சிறுமி, ஓரத்தில் கடிவாளத்தைப் பிடித்த ஒரு கை. கையோடு படத்தை வெட்டியிருந்தார்கள். "இது என்ற கைதானுங்க" என்று சிரித்தார்.

"நீங்க ஏறுவீங்களாண்ணா?"

"ஏறாம? புள்ளைங்க வாரத்துக்கு ஒருநாள் அஞ்சு நிமிசம் ஏறி எறங்கும். அது பத்துமா குதிரைக்கு? நாள்பூரா நின்னா காலு பிடிச்சுக்கும். விடியால நாலரைக்கு நாந்தான் மூணையும் ஓட்டறது. ஆபீசுல தெரியாதுங்க. சொல்லிப்போடாதீங்க."

இதை எழுதலாமா என்று கேட்டேன். ஊரும் பேரும் இல்லாமல் எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்தப் பள்ளியில் நன்றாகக் குதிரை ஓட்டத் தெரிந்த ஒரே மனிதர் அவர். சம்பளப் பட்டியலில் துப்புரவுப் பணியாளர். மேலதிகமாக நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

அவரிடம் கற்றுக்கொண்டதையும், பிறகு கால்நடை மருத்துவம் படித்த நண்பரிடம் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். பள்ளி பார்க்கப் போகும் நம்மவர்களுக்கு உபயோகப்படும். ஒரு குதிரைக்கு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும், நம் ஊர் வெயிலில் இன்னும் கூட. தொட்டியைப் பாருங்கள். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். கடைசியாக எப்போது சீவினார்கள் என்று கேளுங்கள், தேதி சொல்லத் தெரியாவிட்டால் அது தட்டிக்குதிரை. முதுகில் சேணம் உரசிய புண் இருக்கிறதா பாருங்கள். பிள்ளை ஏறும்போது மோவாய்ப்பட்டை கட்டின தலைக்கவசம் உண்டா? காலில் குதிகால் வைத்த ஷூ உண்டா? தட்டையான கேன்வாஸ் ஷூ அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொண்டால் விழுகிற பிள்ளையைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். நடையில் எத்தனை வாரம், ஓட்டத்துக்கு எப்போது, கயிறு பிடிக்காமல் தனியே விடுவது எப்போது என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட, பிள்ளைக்கு லாயத்தைச் சுத்தம் செய்யவும், குதிரையைத் தேய்க்கவும், சேணத்துக்கு எண்ணெய் போடவும் சொல்லித்தருகிறார்களா என்று கேளுங்கள். குதிரையேற்றம் ஒழுங்காகக் கற்றுத்தரும் இடங்களில் சாணி அள்ளுவதும் பாடம். இங்கே எந்தப் பள்ளியும் அதைச் செய்வதாக விளம்பரம் செய்யவில்லை. எந்த அப்பா அம்மா மனம் கோணும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? எல்லாப் பிள்ளையும் சாணி அள்ளினால் மனு எங்கே போய் நிற்பான்?

இன்னொன்று, பணம். ஏறும் கட்டணம் பள்ளிக் கட்டணத்துக்குள்ளா, வெளியிலா? வெளியில் என்றால் உதவித்தொகையில் வந்த பிள்ளை வேலிக்கு வெளியில் நின்று வேடிக்கை பார்க்கும். ஒரே சீருடை போட்ட கூட்டத்துக்குள் புதுசாக ஒரு ஊரும் ஒரு சேரியும்.

பணம் என்றதும் என் தொழில் புத்தி வருகிறது. மே, ஜூன் மாதங்களில் எங்கள் கிளையில் நகைக்கடன் கூட்டம் தாங்காது. கல்விக்கடன் எல்லாம் பிளஸ் டூவுக்கு மேலே படிக்கிறவர்களுக்குத்தான். பள்ளிக்கூடத்துக்குத் தோடும் கொடியும்தான் கடன். தறிக்காரர் வருவார், லாரி கிளீனர் வருவார், நம் ஜனமும் வரும். தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் நிற்கும் பெண்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். நகையை எடைபோடுகிறவர் உரசிப் பார்க்கும் சத்தம் என் பாதிக் கவிதைகளில் இருக்கிறது. அந்தக் கொடி லேயர் கூண்டுக்குப் போகிறது. அதே பணத்தில் பிள்ளை ஓடினாள், நீந்தினாள், ஒரு பெரிய மிருகத்தைப் பயப்படாமல் பழக்கினாள் என்று இருக்கக் கூடாதா? உடம்பு என்றாலே உழைப்பு, இல்லாவிட்டால் அடி என்று இருந்த ஜனத்துக்கு உடம்பை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட ஒரு இடம் வேண்டும். 'லாடம் கட்டுவது' என்கிற வார்த்தை குதிரைக்கு உண்டானது. நம் ஆட்களில் பலருக்கு அது போலீஸ் ஸ்டேஷனில்தான் பழக்கம்.

என் மனைவி இதை ஒப்புக்கொள்ளவில்லை. நியாயமாகப் பேசுவதில் அவள் எனக்கு ஒரு படி மேல். "ஏங்க, மார்க்கு வாங்கலைன்னா குதிரையா வேலை வாங்கித்தரும்? உங்கள பேங்க்குல ஏத்துனது குதிரையா, மார்க்கா?" என்றாள். பதில் இல்லை. "ஹாஸ்டல்னா நான் விடமாட்டேன். கனியாமூரு மறந்துபோச்சா?" என்றாள். 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில், விடுதியில் இருந்த பிளஸ் டூ மாணவி இறந்தபோது இந்தச் சமவெளியில் எந்தத் தாயும் தூங்கவில்லை. ஆகவே எங்கள் வீட்டுத் தீர்மானம்: குதிரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தினமும் வீடு திரும்புகிற பள்ளி. விடுதிதான் என்றால் வாரம் ஒருமுறையாவது பிள்ளை தனியாகப் போனில் பேச முடிய வேண்டும். வார்டன் பக்கத்தில் நிற்கக் கூடாது. சாப்பாடும் கேட்க வேண்டும். ஊருக்கெல்லாம் சத்துணவு முட்டை அனுப்புகிற நாமக்கல்லில் 'சுத்த சைவம்' என்று பெருமையாகப் போடும் விடுதியில் முட்டை தின்றவள் எப்படி நடத்தப்படுவாள்? கறி தின்றவள்? கையில் கலர்க்கயிறு கட்டிய பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் கண்ணை ஓட்ட வேண்டும். நாங்குநேரியில் 2023இல் சின்னதுரை என்கிற மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன்படித்த பிள்ளைகள். அதன்பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, பொட்டு, மோதிரம்வரை எழுதியிருக்கிறது. தனியார் பள்ளி முதல்வர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முகத்திலேயே தெரியும்.

அரசு வழி இல்லையா என்றால், இருக்கிறது, இடுக்கில். ஒன்றிய அரசு 2021-22இல் ஸ்ரேஷ்டா என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. ஷெட்யூல்டு சாதிப் பிள்ளைகளை நுழைவுத்தேர்வு வைத்து நல்ல தனியார் உறைவிடப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் சேர்ப்பது, கட்டணம் அரசு. நாடு முழுதுக்கும் வருஷத்துக்குச் சுமார் 3,000 இடம். வீட்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வங்கிக் குமாஸ்தா மகளுக்கு இல்லை, சரிதான். ஆனால் எங்கள் காலனியில் தகுதி உள்ள பிள்ளைகள் பதினைந்து பேராவது இருப்பார்கள். ஒரு வீட்டுக்கும் தெரியவில்லை. இன்னொரு வழி உடுமலைப்பேட்டைக்கு அப்பால் அமராவதிநகர் சைனிக் பள்ளி. 1962இல் தொடங்கியது, ராணுவ அதிகாரியாக்கப் பிள்ளைகளைத் தயார் செய்வது. ஆறாம் வகுப்பில் சேரத் தேர்வு, பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். ஷெட்யூல்டு சாதிக்கு 15 சதவீதம், பழங்குடிக்கு 7.5 சதவீதம். 2021-22 முதல் பெண் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள். ராணுவத்தைப் பற்றி நமக்கு வேறு விமர்சனங்கள் உண்டு. இருக்கட்டும். சட்டப்படி இடம் ஒதுக்கி, இது உன் இடம் என்று நம் பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிடுகிற ஒரு விடுதிப்பள்ளி எத்தனை தனியார் முதலாளியிடம் இருக்கிறது? ஆனால் அதுவும் விடுதி. மனைவியோடு இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

தோழரின் சிரிப்புக்கு வருகிறேன். அவர் சொன்னது: "ஆதிதிராவிடர் நலப் பள்ளியில கக்கூஸ் கதவு இல்ல, நீங்க குதிரைக்குப் போறீங்க." கக்கூஸுக்குக் கதவு வேண்டும். யார் இல்லை என்றது? ஆனால் முதலில் கதவு, பிறகு சுண்ணாம்பு, பிறகு பெஞ்சு, அதெல்லாம் முடிந்தால் மைதானம் என்று நமக்கு மட்டும் ஏன் ஆசையை வரிசையில் நிறுத்துகிறீர்கள்? குறைந்தபட்சத்தை மட்டுமே கேட்கப் பழகிய இயக்கத்துக்குக் குறைந்தபட்சத்திலும் பாதிதான் கிடைக்கும். இது வங்கிச் சங்கத்தில் ஊதிய ஒப்பந்தம் பேசுகிற எவருக்கும் தெரியும்.

நாமக்கல்லில் 1985இலிருந்து அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவர்கள் இருக்கிறார்கள், இடம் இருக்கிறது, தீவனம் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தேசிய மாணவர் படையில் குதிரைக்கென்றே ஒரு பிரிவு உண்டு. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதற்குக் குதிரைகளும் உண்டு. கொள்ளு நம் மானாவாரிக் காட்டில் விளைகிறது. பிறகென்ன? சேலம், நாமக்கல் மாவட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியை ஒட்டி ஒரு குதிரையேற்றப் பயிற்சி மையம் வை என்று கேட்போம். பயிற்சியாளராக, துப்புரவுப் பணியாளராக அல்ல, அந்த விடிகாலை நாலரை மணிக்காரரைப் போன்றவர்களை நிரந்தர வேலையில் போடு என்று கேட்போம். மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கு மேல் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உள்ளன. ஒரு மாவட்டத்தில் ஆரம்பிக்க என்ன தடை? இதற்கான மனுவை எழுதி வைத்திருக்கிறேன். 1931ஆம் வருஷத்துப் பட்டியலை முதல் பக்கமாகச் சேர்த்திருக்கிறேன். கையெழுத்து வேண்டும்.

அதுவரை தனியார் பள்ளிகளைப் பார்க்கத்தான் வேண்டும். தனியாகப் போனால் லாயத்தைக் காட்ட மாட்டார்கள். நாலு குடும்பமாகப் போனால் காட்டுவார்கள். வங்கிக்கு இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை விடுமுறை. இராசிபுரம் பஸ் நிலையத்தில் காலை ஒன்பது மணிக்கு நிற்பேன். பெற்றோர் யாராவது வருவதானால் இதழ் முகவரிக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கொஞ்சம் கொள்ளு நான் எடுத்து வருகிறேன்.